உப்புக் காற்றும் பிரேக் குழாயும்

திருகோணமலைக் கடலோரத்தில், உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்கள் கதவோரத்துத் துருவைக் கண்டால் உடனே கவலைப்படுவார்கள். கதவு துருப்பிடித்தால் அழகு கெடும், அவ்வளவுதான். உயிரை வாங்கக்கூடிய துரு வண்டியின் அடியில், பிரேக் குழாயில் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை வழமைக்குத் திரும்பாததால், பழைய கார்கள் மேலும் பழையதாகி ஓடிக்கொண்டிருக்கின்றன.

மிதியை அழுத்தியதும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஓயிலைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எப்பக்கமும் சமமாகப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. அந்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் உருக்குக் குழாய் பெரும்பாலும் 4.75 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் சுவர் சுமார் 0.7 மில்லிமீற்றர்தான்.

மெதுவாக வேகத்தைக் குறைக்கும்போது உள்ளே சில பத்து பார் அழுத்தம் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கோட்டையடியில் மான் ஒன்று குறுக்கே பாய்ந்து, முழுப் பலத்தோடு மிதித்தால் 100 பாரைத் தாண்டலாம். நல்ல குழாய்க்கு அதுவும் பெரிய சுமையல்ல. அதனால்தான் சுவரின் பெரும்பகுதியைத் துரு தின்ற பிறகும் அன்றாட ஓட்டத்துக்குக் குழாய் தாக்குப்பிடிக்கிறது. மிதியில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. பிரேக் மிக அவசியமான அந்தக் கணத்தில்தான் வெடிக்கிறது.

அலை உடையும்போது எழும் நுண்துளிகள் உப்பைக் கரைக்குக் கொண்டுவருகின்றன. சோடியம் குளோரைட்டு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். ஆனால் கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது; அதற்குச் சுமார் 33 சதவீதமே போதும். ஆகவே கச்சான் காற்று வறட்டும் மாதங்களிலும் உப்புப் படிந்த குழாய் முழுதாகக் காய்வதில்லை.

மோசமான இடம், குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்பின் அடி. அந்த இடுக்கில் தேங்கும் ஈரத்தில் ஒட்சிசன் விரைவில் தீர்ந்துபோகிறது. வெளியே ஒட்சிசன் தாராளம். இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலமாகி, இடுக்கிலுள்ள இரும்பைக் கரைக்கிறது. குளோரைட்டு அயன்கள் உள்ளே இழுபட, அந்த ஈரம் அமிலமாகி அரிப்பை இன்னும் விரைவுபடுத்துகிறது. இரண்டு பக்கமும் பூச்சு நன்றாக இருக்க, கிளிப்புக்குள் மட்டும் ஆழமாகக் குழி விழுந்திருக்கும். கிளிப்பைக் கழற்றாமல் பார்த்தது பார்த்ததே அல்ல. கராஜில் கழற்றச் சொல்லுங்கள். கம்பித் தூரிகையால் தேய்த்ததும் செதில் செதிலாக உதிர்ந்தால், ஓயில் கசியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பிரேக் இரட்டைச் சுற்றாக, அதாவது தனித்தனியான இரண்டு ஓயில் வழிகளாக இருக்கிறதே, ஒன்று போனாலும் மற்றது நிறுத்துமே என்பார்கள். நிறுத்தும், ஆனால் மிதி ஆழமாக இறங்கும், வண்டி நிற்க நெடுந்தூரம் எடுக்கும். அந்த மற்றக் குழாயும் இதே வயதுதான், இதே உப்பில் ஊறியதுதான். புகைப் பரிசோதனையில் தேறியதும் ஆறுதலாகாது. அங்கே பார்ப்பது புகையை மட்டுமே.

அரித்த துண்டை வெட்டிவிட்டு இறப்பர் குழாய் சொருகித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முழு நீளத்தையும் மாற்ற வேண்டும். 90 சதவீதம் செம்பும் சுமார் 10 சதவீதம் நிக்கலும் கலந்த குழாய் கடற்காற்றுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். தனிச் செம்பு வளைக்க இலகு, ஆனால் அதிர்வில் இறுகி வெடிப்பு விடும், அதை வாங்காதீர்கள்.