உலோகத்துக்கு முன் முதுமையடையும் ரப்பர்

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய ஒரு ஸ்போர்ட்ஸ் செடானின் எஞ்சின் பல வேளைகளில் புதிதைப் போலவே இயங்கிக்கொண்டிருக்கும். ஆனால் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வண்டி அரைக் கணம் தயங்கிவிட்டுத்தான் திரும்பும், பிரேக்கை அழுத்தினால் ஸ்டீயரிங் கையில் நடுங்கும், சிறு பள்ளத்தில் இறங்கினாலும் முன்பக்கத்திலிருந்து ‘டக்’கென்று ஓர் ஓசை எழும். இந்த நிலையில் உரிமையாளர்களில் பலர் முதலில் வாங்குவது புதிய ஷாக் அப்சார்பரையோ, வண்டியைத் தாழ்த்தும் குட்டையான ஸ்பிரிங்கையோதான். இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற, பெயர் சொல்லி விற்கப்படுகிற பாகங்கள். மேலே சொன்ன அறிகுறிகளுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பதோ, உலோக வளையங்களுக்குள் அடைபட்டு வெளியே தெரியாமல் கிடக்கும் கொஞ்சம் ரப்பர்.

சக்கரங்களை வண்டியின் உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷன் என்பது ஸ்பிரிங், ஷாக், ரப்பர் புஷ் (இணைப்பு முனைகளில் உலோக வளையத்துக்குள் இருக்கும் அந்த ரப்பர்) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்ட ஒரே அமைப்பு. எனவே மாற்றுப் பாகம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, அது அந்தக் கணக்கில் எந்த எண்ணை மாற்றுகிறது என்று கேட்டாக வேண்டும்.

முதல் எண் அதிர்வெண். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டியின் உடலை ஒருமுறை அழுத்திவிட்டால், அது தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில் மேலும் கீழும் ஆடும். சாதாரணப் பயணிகள் கார்களில் இது ஏறத்தாழ 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆட்டம். ஸ்போர்ட்ஸ் செடான்களில் சற்றுக் கூடுதல். ஸ்பிரிங்கின் விறைப்பை வண்டியின் நிறையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் வருவது இதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். ஆகவே ஸ்பிரிங்கை 30 சதவீதம் விறைப்பாக்கினால் அதிர்வெண் ஏறக்குறைய 14 சதவீதம் மட்டுமே உயரும்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அதிர்வெண்ணில் ஆடுவதில்லை என்பது பலர் கவனிக்காத செய்தி. 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், பின் ஸ்பிரிங்குகள் முன் ஸ்பிரிங்குகளைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும் என்பதைக் காட்டினார். சாலையின் மேடு முதலில் முன் சக்கரத்தைத் தூக்குகிறது. பின் சக்கரம் சற்றுத் தாமதமாகவே அதை அடைகிறது. பின்பக்கத்தின் ஆட்டம் வேகமாக இருந்தால் அது முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, இரண்டும் சேர்ந்து எழுந்து சேர்ந்து இறங்கும். இல்லாவிட்டால் வண்டி படகைப் போல மூக்கும் வாலுமாக மாறிமாறி அசையும். ஒரு அச்சுக்கு மட்டும் வேறு நிறுவனத்தின் ஸ்பிரிங்கைப் போடுகிறவர்கள் கலைப்பது இந்த உறவைத்தான்.

ஸ்பிரிங் உண்மையில் ‘தளர்ந்து’ மென்மையாவதில்லை. அதன் விறைப்பைத் தீர்மானிப்பவை கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை, எஃகின் மீள்தன்மை ஆகியவை. இவற்றில் எதுவும் ஆண்டுக்கணக்கில் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. உயரம் சில மில்லிமீட்டர் குறையலாம். வண்ணப்பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடித்து, அங்கிருந்து விரிசல் தொடங்கி, பெரும்பாலும் அடிச்சுருளில் உடையலாம். பூச்சு முழுதாக இருந்து, இரு பக்க உயரமும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குள் இருந்தால் பழைய ஸ்பிரிங்கையே விட்டுவைப்பது நல்லது.

ஷாக் அப்சார்பரின் கதை வேறு. ஸ்பிரிங் சேமித்துத் திருப்பித் தரும் ஆற்றலை எண்ணெயின் வழியே வெப்பமாக மாற்றுவது அதன் வேலை. சக்கரம் வினாடிக்குப் பத்து முறை அதிர்வதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் ஒரு நிமிடத்தில் 600 அசைவுகள். ஒரு லட்சம் கிலோமீட்டரில் 6 கோடி. அத்தனை முறையும் பிஸ்டனின் நுண்ணிய வால்வுத் தகடுகள் வளைந்து நிமிர்கின்றன, சீல் தண்டின்மேல் உரசுகிறது, எண்ணெய் சூடாகி ஆறுகிறது. தேய்மானம் மிக மெதுவாக நடப்பதால் ஓட்டுநரின் கை அதற்குப் பழகிவிடுகிறது. பானெட்டை அழுத்திவிட்டு வண்டி எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் பழைய சோதனை, முழுவதும் செத்துப்போன ஷாக்கை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்ததை அது தேர்ச்சி பெறச் செய்துவிடும். யூசாமா முறைச் சோதனை மேடை இதைவிட நம்பத்தக்கது: அது சக்கரத்தை வினாடிக்கு 25 முறை அதிரவைத்து, பிறகு வேகம் தணிய விட்டு, டயர் தரையை அழுத்தும் விசை எந்த அளவுக்குக் குறைந்துபோகிறது என்பதை அளக்கிறது. சக்கரம் தானே துள்ளும் அதிர்வெண்ணை அந்த ஆட்டம் கடக்கும் கணத்தில் தேய்ந்த ஷாக்கின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மாற்று ஷாக்கைத் தேர்ந்தெடுக்கும்போது இரட்டைக் குழாயா, ஒற்றைக் குழாயா என்ற கேள்வி வரும். இரட்டைக் குழாய் வகையில் உள்குழாயிலிருந்து வெளியேறும் எண்ணெய் வெளிக்குழாயில் சேர்கிறது. ஒற்றைக் குழாய் வகையில் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்து வைக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர் கிறிஸ்டியன் பூர்சியே த கார்போனின் சிந்தனையில் உருவான இந்த இரண்டாவது வகை, பில்ஸ்டைன் நிறுவனத்தின் தயாரிப்பாக 1957-இல் மெர்சிடீஸ் கார்களுக்கு வந்தது. எண்ணெயில் குமிழிகள் உருவாவதை அழுத்தம் தடுக்கிறது. ஒரே சுவர் என்பதால் வெப்பமும் எளிதில் வெளியேறுகிறது. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. 11 மில்லிமீட்டர் தண்டின்மேல் 25 பார் அழுத்தம் செயல்பட்டால் ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமமான விசை எப்போதும் அந்தத் தண்டை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வகையை மாற்றியதும் வண்டி சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பதற்கு அதுவே காரணம். ஷாக்கில் குறையில்லை.

தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பற்றி எனக்கு அவ்வளவாக நல்ல எண்ணமில்லை; காரணம் எளிய கணக்குதான். சக்கரம் மேலே எழுவதற்கு 80 மில்லிமீட்டர் இடம் இருந்த வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மிஞ்சுவது 50. அதே மேட்டின் தாக்குதலை அந்த 50-க்குள் ஸ்பிரிங் மட்டுமே தாங்க வேண்டுமானால், அதன் விறைப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக வேண்டும். விற்பனைக்கு வருபவையோ சாதாரணமாக 20, 30 சதவீதம் மட்டுமே விறைப்பானவை. மீதியைத் தாங்குவது பம்ப் ஸ்டாப் எனப்படும் நுரைக்கட்டை. ‘ஸ்போர்ட்டியான’ உணர்வு என்று புகழப்படுவதில் ஒரு பங்கு, வண்டி அந்தக் கட்டையில் மோதும் உணர்வே. இத்துடன், ஸ்பிரிங் 30 சதவீதம் விறைத்தால், ஏற்கெனவே இருக்கும் ஷாக்கின் தணிப்பு விகிதம் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அது எவ்வளவு அடக்குகிறது என்பதன் அளவு) 12 சதவீதம் அளவுக்குத் தானாகவே குறைந்துவிடும். தேய்ந்த ஷாக்கின்மேல் புதிய விறைப்பான ஸ்பிரிங் என்பது இரு பக்கமும் நட்டமான ஏற்பாடு.

இனி ரப்பர். 1982-இல் வந்த மெர்சிடீஸ் 190, பின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனி இணைப்புத் தண்டுகளால் பிடித்துவைத்தது. அதன் வழியில் பல ஸ்போர்ட்ஸ் செடான்கள் முன்னும் பின்னும் பல தண்டு அமைப்புக்கு மாறின. ஐந்து தண்டுகள் என்றால் பத்து முனைகள். இந்த முனைகளில் இருக்கும் புஷ் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இறுக்கமாக இருப்பதில்லை: உள்ளே வேண்டுமென்றே விடப்பட்ட வெற்றிடங்களால் அது ஒரு திசையில் மென்மையாகவும் மறுதிசையில் விறைப்பாகவும் இருக்கும். மேட்டில் மோதும்போது சக்கரம் சில மில்லிமீட்டர் பின்வாங்கி அதிர்ச்சியை விழுங்க வேண்டும். அதே நேரத்தில் அது பார்க்கும் திசை மாறக் கூடாது. இந்த முரணான இரு வேலைகளையும் ஒரு ரப்பர்த் துண்டின் வடிவத்துக்குள் பொறியாளர்கள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். புதிய புஷ்ஷை அழுத்தி ஏற்றும்போது அதன் குறி எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று பழுதுபார்ப்புக் கையேடு வலியுறுத்துவதும் இதனால்தான். கோணம் தவறினால் மென்மை தவறான திசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வண்டி ஓடினாலும் நின்றாலும் ரப்பர் முதுமையடைந்துகொண்டேதான் இருக்கும். ஆக்சிஜன் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கூடுதலாகப் பிணைத்து இறுக்குகிறது அல்லது அறுத்துவிடுகிறது. இழுபட்ட பரப்பில் ஓசோன், இழுவைக்குக் குறுக்காக வெடிப்புகளை உண்டாக்குகிறது. எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் அதை ஊதவைத்துக் குழைக்கிறது. சில புஷ்களுக்குள் திரவமும் உண்டு. 1995 முதல் 2003 வரை தயாரான பி.எம்.டபிள்யூ ஈ39 வரிசைக் கார்களின் முன் இணைப்புத் தண்டில் இருக்கும் திரவ புஷ் இதற்குப் பெயர்போனது: திரவம் கசிந்தபின், வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கும். பிரேக் டிஸ்க் வளைந்துவிட்டது என்று எண்ணி டிஸ்க்கை மாற்றி, நடுக்கம் போகாமல் மீண்டும் மாற்றியவர்கள் உண்டு.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்பது அடுத்த கேள்வி. உலோகத்தோடு ஒட்டப்பட்ட ரப்பர் புஷ், தண்டு அசையும்போது தன் உடலே முறுக்கேறி வளைந்துகொடுக்கும். உரசும் பரப்பு என்று அதில் ஒன்றும் இல்லை. பாலியூரித்தேன் புஷ் பெரும்பாலும் உலோகக் குழாயின்மேல் வழுக்கிச் சுழலும். எனவே அதற்கு கிரீஸ் வேண்டும், அது வறண்டால் கிறீச்சிடும். வளைவில் வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைப் பிடிக்கும் இடத்தில், அசைவு ஒரே அச்சில் இருப்பதால், அது நன்றாகவே வேலை செய்கிறது. பல தண்டு அமைப்பின் முனைகளிலோ ஒரே நேரத்தில் பல திசைகளில் சாய்ந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே விறைப்பான புஷ் அந்த அசைவை முடக்கி, விசையைத் தண்டுகள் மீதும் அவை பொருந்தியிருக்கும் சப்-ஃபிரேம் என்ற துணைச் சட்டத்தின் மீதும் தள்ளிவிடுகிறது. சாலையில் ஓட்டும் வண்டிக்கு நான் புதிய ரப்பரையே தேர்ந்தெடுப்பேன். பதினைந்து ஆண்டு முதிர்ந்த ரப்பரை ஓட்டிப் பழகியவருக்கு, புதிய ரப்பரே பந்தயக் கார் போல இறுக்கமாகத் தோன்றும்.

என்ன வேண்டும் என்று முடிவானபின் சரியான பாகத்தைக் கண்டுபிடிப்பது தனி வேலை. மாடல் பெயரும் ஆண்டும் போதாது. அதே ஈ39 வரிசையில் ஆறு சிலிண்டர் வண்டிக்கும் எட்டு சிலிண்டர் வண்டிக்கும் ஸ்டீயரிங் பெட்டியே வேறு வகை, முன் தண்டுகளும் வேறு. ஸ்பிரிங்கோ வண்டியில் சன்ரூஃப் இருக்கிறதா, ஏ.சி. இருக்கிறதா என்பதைப் பொறுத்துக்கூட மாறும். சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு கூடுதல் வசதிக்கும் எடைப் புள்ளிகள் தந்து, கூட்டுத்தொகையை வைத்து ஸ்பிரிங்கைத் தீர்மானிக்கிறார்கள், அதன் அடையாளமாகச் சுருளில் வண்ணக் கோடுகள் இடுகிறார்கள். எனவே 17 இலக்க சேசிஸ் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் பாகப் பட்டியலில் தேடி, அங்கே கிடைக்கும் பாக எண்ணை எழுதிக்கொண்டே சந்தைக்குப் போக வேண்டும். பழைய எண் கைவிடப்பட்டு அதன் இடத்தில் திருத்தப்பட்ட புதிய எண் வந்திருப்பது வழக்கம். அது பெரும்பாலும் முதல் வடிவமைப்பின் பலவீனம் சரிசெய்யப்பட்டதன் அறிகுறி.

கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் பாகத்தைப் பெரும்பாலும் அந்நிறுவனம் தயாரிப்பதில்லை. பல ஜெர்மன் கார்களின் இணைப்புத் தண்டுகளை லெம்ஃபோர்டரும் ஷாக்குகளை ஸாக்ஸும் தயாரிக்கின்றன. இரண்டுமே இசட் எஃப் குழுமத்தைச் சேர்ந்தவை. அதே அச்சில் வார்த்த தண்டு, கார் நிறுவனத்தின் சின்னம் மட்டும் தேய்த்து அழிக்கப்பட்ட நிலையில், தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. ஒரு சின்னம் சுரண்டப்பட்ட தடத்தைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டியதில்லை. மாறாக, மங்கலான அச்சு, பொருந்தாத எழுத்துரு, பழைய பாகத்தைவிடத் தெளிவாகக் குறைந்த எடை, நம்ப முடியாத விலை ஆகியவை சேர்ந்து வந்தால் விலகிப்போவது மேல். தண்டின் முனையில் பந்து போலச் சுழலும் இணைப்பான பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடிந்துவிடும் என்பதால் இந்த ஒரு பாகத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கிடங்கில் பத்தாண்டு கிடந்த ‘புதிய பழைய’ பாகங்களிலும் ஒரு சிக்கல் உண்டு: உலோகம் புதிது, ரப்பர் பழையது. பிரித்தெடுத்த வண்டிகளிலிருந்து வாங்குவதானால், விபத்தில் சிக்காத வண்டியின் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்), ஸ்பிரிங், ஸ்டெபிலைசர் பார் போன்ற முழு உலோகப் பாகங்களை வாங்கலாம்; ஷாக்கையும் புஷ்ஷையும் அப்படி வாங்குவதில் பொருளில்லை. வளைந்த அலுமினியத் தண்டை நிமிர்த்திப் பயன்படுத்தவே கூடாது. மின்கட்டுப்பாட்டு ஷாக் உள்ள வண்டிக்குச் சாதாரண ஷாக் பொருத்தினால் எச்சரிக்கை விளக்கு எரியும் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும்.

பொருத்தும்போது நடக்கும் ஒரு தவறு, வாங்கும்போது காட்டிய அக்கறை அனைத்தையும் வீணாக்கிவிடும். லிஃப்டில் தூக்கிய வண்டியின் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். 35 சென்டிமீட்டர் நீளமுள்ள தண்டின் முனை 8 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தால், தண்டு ஏறத்தாழ 13 பாகை சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையிலேயே புஷ்ஷின் போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் 13 பாகை முறுக்கேறி, நிற்கும்போதுகூட ஓய்வில்லாமல் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். பழி பாகத்தின்மேல் விழும். சக்கரத்தை ஜாக்கியால் ஓட்ட உயரத்துக்குத் தூக்கிவைத்து, பிறகுதான் இறுதி இறுக்கத்தைத் தர வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகளையும் நட்டுகளையும் பாகங்களோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒரே அச்சின் இரு பக்கமும் இணையாக மாற்றிய பிறகு, சக்கர மையத்துக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் இடையிலான உயரத்தை நான்கு மூலைகளிலும் அளந்து, அது சரியாக இருந்தால் மட்டுமே வீல் அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) ஆகியவற்றின் அளவுகள் அந்த உயரத்தை வைத்துத்தான் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பிரிங்கும், ஷாக்கின் மேல்முனையை வண்டியின் உடலோடு பிணைக்கும் டாப் மவுண்ட்டும் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்று அமர்ந்துகொள்ளும் என்பதால், அதன் பிறகு அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் வேகத்தில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தால், கையை டயரின் மேல் வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும்: பழைய ஷாக்குகள் துள்ளவிட்ட காலத்தில் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்த அந்த டயர், தான் கழற்றப்படும் வரை அந்த ஓசையை எழுப்பிக்கொண்டேதான் இருக்கும்.