பாலாற்றோடு நடந்தால் வெட்டு கிடைக்கும்

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் எந்தத் தெருவில் புகுந்து வந்தாலும் பாலாற்றைத் தாண்டியாக வேண்டும். பழைய பாலம், புதிய பாலம், இரண்டும் வேண்டாமென்றால் ராணிப்பேட்டை–ஆற்காடு பாலம் மாதிரி எங்கேயாவது போய்ச் சுற்றி வர வேண்டும். காட்பாடிப் பக்கம் சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும், மணிக்கு எத்தனை வண்டி வேலூருக்குள் வரும் என்பது பாலங்களின் கையில்தான் இருக்கிறது.

இதைத் தேற்றமாக 1956-ல் வெளியிட்டவர்கள் அமெரிக்கக் கணிதவியலாளர்கள் ஃபோர்டும் ஃபுல்கர்சனும். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பக்கூடிய பெரும ஓட்டமும், அந்த இரண்டையும் துண்டிக்க அறுக்க வேண்டிய சாலைகளின் மிகக் குறைந்த மொத்தக் கொள்ளளவும் சமம். அப்படித் துண்டிக்கும் சாலைகளின் தொகுப்புக்குத்தான் வெட்டு என்று பெயர். இந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது சோவியத் ரயில் பாதை. 44 முனைகள், 105 இணைப்புகள் கொண்ட அதன் வரைபடத்தை வைத்து ஹாரிஸும் ராஸும் 1955-ல் அமெரிக்க ரகசிய அறிக்கை ஒன்று எழுதினார்கள். எங்கே அறுத்தால் போதும் என்பதுதான் அவர்கள் கவலை!

44 முனை என்றால் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். பத்து லட்சம் சந்திப்புகள் இருந்தால்? இருக்கும் வெட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். ஆனால் சாலைகள் ஒன்றையொன்று சந்திப்பில் தவிர வேறெங்கும் குறுக்கிடாமல் தாளில் வரைய முடிந்தால் கதை மாறுகிறது. அப்படிப்பட்டதைத் தளக் கோட்டுரு என்பார்கள்.

அதில் ஒரு வசதி: சாலைகளை மறந்துவிட்டு, சாலைகளுக்கு நடுவே உள்ள வெற்று நிலங்களைப் பாருங்கள். பாலாற்று மணலும் அப்படி ஒரு நிலம்தான். ஒரு நிலத்திலிருந்து அடுத்த நிலத்துக்குப் போக ஒரு சாலையைக் கடக்க வேண்டும். கடக்கும்போது அந்தச் சாலையின் கொள்ளளவைச் சுங்கமாகக் கட்டுங்கள். ஆற்றோடு நடந்து பாலங்களுக்கு அடியில் போகிறவர் பாலங்களின் கொள்ளளவைக் கட்டுவார். அவர் நடந்த பாதையே வெட்டு, கட்டிய சுங்கமே வெட்டின் அளவு. ஆகவே சிறும வெட்டை, அதாவது அளவு மிகக் குறைந்த வெட்டைத் தேடுவது, வரைபடத்தின் ஒரு பக்க வெளி நிலத்திலிருந்து மறுபக்க வெளி நிலத்துக்குக் குறைந்த செலவுப் பாதையைத் தேடுவதாகிவிடுகிறது. அதற்கு வேகமான அல்காரிதம்கள் எப்போதோ வந்துவிட்டன. புறப்படும் இடமும் சேரும் இடமும் வரைபடத்தின் வெளி ஓரத்தில் இருந்தால் வேலை இவ்வளவுதான். ஒவ்வொரு சாலையிலும் எவ்வளவு அனுப்புவது என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும் என்று 1981-ல் ஹாசின் என்ற ஆய்வாளர் காட்டினார்: நடை தொடங்கும் வெளி நிலத்திலிருந்து, சாலைக்கு இருபுறமும் உள்ள நிலங்களுக்குப் போக ஆகும் குறைந்தபட்சச் சுங்கத்தின் வித்தியாசமே அதன் ஓட்டம்.

புறப்படும் இடம் ஊருக்கு நடுவே இருந்தால்தான் சிக்கல். அப்போது வெட்டு, வேலூர்க் கோட்டையின் அகழியைப் போல அந்த இடத்தைச் சுற்றி மூடும் வளையம். எங்கே ஆரம்பித்து எங்கே மூடுவது? 1983-ல் ரெய்ஃப் என்ற ஆய்வாளர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம். புறப்படும் இடத்தை ஒட்டிய நிலத்திலிருந்து சேரும் இடத்தை ஒட்டிய நிலம் வரை முதலில் ஒரு குறைந்த செலவுப் பாதை போடுகிறார். வளையம் எதுவானாலும் இந்தப் பாதையைத் தாண்டாமல் மூட முடியாது. சிறும வளையம் ஒரே ஒருமுறை தாண்டினால் போதும். சரி, பாதையின் நடுப்புள்ளி வழியாகப் போகும் மிக மலிவான வளையத்தைக் கண்டுபிடிப்போம். மற்ற புள்ளிகளின் வளையங்கள் இதை வெட்ட வேண்டியதில்லை, முழுக்க உள்ளேயோ முழுக்க வெளியேயோ வைத்துக்கொள்ளலாம். வரைபடம் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொரு பாதியிலும் மறுபடி நடுப்புள்ளி. பத்து லட்சம் புள்ளிகள் என்றாலும் சுமார் 20 சுற்றில் முடிந்துவிடும்.

ரெய்ஃபின் முறை இருவழிச் சாலைகளுக்கு மட்டும். ஒருவழிச் சாலைகள் வந்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. போராடைல், க்ளைன் என்ற ஆய்வாளர்கள் அதற்கு வேறு வழி பிடித்தார்கள்: காலியாக உள்ள வழிகளில் எப்போதும் ஆக இடதுபுறம் இருப்பதையே எடுத்து நிரப்பிக்கொண்டே போவது. கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் ஒரு சாலையில் அனுப்பி, பிறகு திரும்பப் பெற்றுவிட்டால், அதே சாலை மறுபடி தேவைப்படாது என்று நிரூபித்தார்கள். அதனால் வேலை சீக்கிரம் முடிகிறது.

அப்புறம், மேம்பாலங்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை சில இடங்களில் உள்ளூர்ச் சாலைகளுக்கு மேலே போகிறது. அங்கே இரண்டு சாலைகள் சந்திக்காமலே குறுக்கிடுவதால் தளம் என்ற நிபந்தனை உடையலாம். அந்த இடத்தில் சந்திப்பு இருப்பதாகப் பாவித்துவிட்டால் இல்லாத திருப்பங்களில் வண்டி போவதாகக் கணக்கு வரும். பாவிக்காவிட்டால் மேலே சொன்ன தந்திரம் எதுவும் அப்படியே பொருந்தாது.