ஃபெராரியும் பதினைந்தாம் சுற்றும்

2010 நவம்பர் 14 அன்று அபுதாபியின் யாஸ் மெரினா தடத்தில் அந்த ஆண்டின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம் தொடங்கியபோது, ஃபெராரி அணியின் ஃபெர்னாண்டோ அலோன்சோ 246 புள்ளிகளுடன் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார். ரெட் புல் அணியின் மார்க் வெப்பரிடம் 238 புள்ளிகளும், அதே அணியின் செபாஸ்டியன் வெட்டலிடம் 231 புள்ளிகளும் இருந்தன. வெட்டலே பந்தயத்தை வென்றாலும், நான்காவதாக வந்தால் அலோன்சோவுக்குப் பட்டம் உறுதி. தொடக்கத்தில் ஓர் இடத்தை இழந்த பிறகு அவர் ஓடிக்கொண்டிருந்ததும் நான்காவது இடத்தில்தான். பதினைந்தாம் சுற்றில் டயர் மாற்றுவதற்காக ஃபெராரி அவரை உள்ளே அழைத்தது. அவர் ஏழாவதாக முடித்தார், வெட்டல் நான்கு புள்ளி வித்தியாசத்தில் உலகச் சாம்பியனானார். காரில் பழுது இல்லை, ஓட்டுநரிடம் தவறு இல்லை. பட்டம் கைநழுவியது ஒரு கணக்கில்.

1999 முதல் 2004 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அணிகளுக்கான பட்டத்தை வென்று, பந்தய வியூகத்துக்கே இலக்கணமாகப் பேசப்பட்ட அணி இப்படிப்பட்ட கணக்கில் எப்படி இடறியது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தக் கணக்கு என்ன என்று பார்க்க வேண்டும்.

பந்தயக் காரின் வேகத்தை இரண்டு மாற்றங்கள் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன. எரிபொருள் எரிய எரியக் கார் எடை குறைந்து விரைவாகிறது. 10 கிலோ எரிபொருள் குறைந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 வினாடி மிச்சமாகும் என்பது பொறியாளர்களின் வழக்கமான மதிப்பீடு. மறுபுறம், டயர் தேய்ந்தும் அளவுக்கு மீறிச் சூடாகியும் பிடிப்பை இழப்பதால் கார் மெதுவாகிறது. புதிய டயர் போட்டால் சுற்றுக்கு ஒரு வினாடி, சில தடங்களில் அதற்கு மேலும், மீட்கலாம். ஆனால் அதற்கு விலை உண்டு. டயர்களை மாற்றுவதற்கு இரண்டு, இரண்டரை வினாடிகளே ஆனாலும், டயர் மாற்றக் கார்கள் தடத்திலிருந்து விலகிச் செல்லும் பிட் பாதையில் பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற விதியால் மொத்த இழப்பு பல தடங்களில் 20 வினாடிகளை ஒட்டி வரும். எத்தனை முறை, எந்தெந்தச் சுற்றுகளில் நின்றால் மொத்த நேரம் மிகக் குறையும் என்பதுதான் வியூகத்தின் அடிப்படைக் கேள்வி.

தடத்தில் ஒரே ஒரு கார் ஓடினால் இதைப் பள்ளிக்கூடக் கணிதத்தைக் கொண்டே தீர்த்துவிடலாம். மற்ற கார்களும் ஓடுகின்றன என்பதுதான் சிக்கல். முன்னால் செல்லும் கார் காற்றைக் கலக்கிவிட்டுப் போவதால், பின்னால் வரும் காரின் இறக்கைகள் உண்டாக்கும் கீழ்நோக்கு விசை குறைகிறது. வளைவுகளில் கார் வழுக்குகிறது, டயர் மேலும் சூடாகிறது. இதனால் சுற்றுக்கு ஒரு வினாடி விரைவான கார்கூட மெதுவான காரை முந்த முடியாமல் பின்னாலேயே கிடக்க நேரிடும். தடத்தில் முந்த முடியாதவரைப் பிட் நிறுத்தத்தில் முந்துவதற்கு அண்டர்கட் என்று பெயர்: எதிராளிக்கு ஒரு சுற்று முன்பாக உள்ளே போய்ப் புதிய டயருடன் வெளியே வந்தால், அவர் பழைய டயரில் ஓடும் அந்த ஒரு சுற்றில் ஒன்றரை வினாடி ஈட்டி, அவர் நின்று வெளியே வரும்போது முன்னால் போய்விடலாம். டயர் விரைவாகத் தளரும் தடத்தில் மட்டுமே இந்த உத்தி பலிக்கும்.

ஃபெராரியின் பொற்காலத்தில் இந்தக் கணக்கின் வடிவமே வேறு. 1994 முதல் 2009 வரை பந்தயத்தின் நடுவில் எரிபொருள் நிரப்ப அனுமதி இருந்ததால், காரை எவ்வளவு எடையுடன் ஓட்டுவது என்பதும் வியூக வகுப்பாளரின் கையில் இருந்தது. 2004இல் பிரான்சின் மேனி-கூர் தடத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த ரெனோ காரை (அதை ஓட்டியவர் இதே அலோன்சோ) முந்த முடியாதபோது, ஃபெராரி மைக்கேல் ஷூமாக்கரை நான்கு முறை நிறுத்தியது. எரிபொருள் குறைவாக, டயர் புதிதாக, எதிரே வேறு கார் இல்லாத இடைவெளியில் அவரை ஓடவிட்டு, கூடுதல் நிறுத்தத்தின் இழப்பை ஈடுகட்டி, எட்டு வினாடிகளுக்கு மேல் முன்னிலை பெற்று வென்றார்கள். அந்த ஆண்டின் 18 பந்தயங்களில் 15 ஃபெராரிக்கே. துணிச்சலான முடிவு என்று இதைப் புகழ்வது வழக்கம். எனக்கோ அதில் துணிச்சலைவிட அறிமுகம்தான் தெரிகிறது. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் ஃபெராரியோடு நெருங்கிப் பேசியே தன் டயர்களை உருவாக்கியது, சோதனை ஓட்டங்களுக்கு இன்றுள்ள கட்டுப்பாடுகள் அன்று இல்லை, ஃபியோரானோவில் சொந்தச் சோதனைத் தடமும் இருந்தது. இருபதாம் சுற்றில் அந்த டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர்கள் பந்தயத்துக்கு முன்பே கிட்டத்தட்ட அறிந்திருந்தார்கள்.

விதிகள் அந்த அறிமுகத்தைப் படிப்படியாகப் பறித்தன. 2005இல் பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றத் தடை வந்தது. ஒரே டயர் பந்தயம் முழுவதும் தாக்குப்பிடிக்க வேண்டிய நிலையில் போட்டி டயர் நிறுவனமான மிஷலின் மேலோங்க, ஃபெராரி அந்த ஆண்டு வென்றது ஒரே ஒரு பந்தயம். மிஷலின் டயர் பூட்டிய கார்கள் பாதுகாப்புக் காரணத்தால் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய இண்டியானாபோலிஸ் பந்தயம் அது. அதில் நான்காவதாக வந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் என்பது நம்மவர்கள் பலருக்கு நினைவிருக்கும். பிறகு எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர் என்றானது. சோதனை ஓட்டங்கள் சுருங்கின. 2010இல் எரிபொருள் நிரப்புவதும் நின்றது. 2011 முதல் டயர் வழங்கும் பிரெல்லியிடம், பந்தயம் சுவையாக இருக்கும்படி விரைவாகத் தளரும் டயர்களே கேட்கப்பட்டன. முன்கூட்டியே தீர்த்துவைத்திருந்த கணக்கை, தரவு பாதி தெரிந்தும் தெரியாமலும் ஓட்டத்தின் நடுவில் தீர்க்க வேண்டிய காலம் வந்தது. 2008க்குப் பிறகு ஃபெராரி ஓட்டுநர் பட்டத்தையோ அணிப் பட்டத்தையோ வெல்லவில்லை.

இப்போது அபுதாபிக்குத் திரும்பலாம். பதினோராம் சுற்றில் வெப்பர் டயர் மாற்ற உள்ளே போனார். அவருடைய மென் டயர்களின் (பிடிப்பு அதிகம், ஆனால் விரைவில் தேய்பவை) மேற்பரப்பில் ரப்பர் சிறு சிறு துணுக்குகளாகப் பெயர்ந்து, திரும்ப அதன் மீதே ஒட்டி, பிடிப்பைக் குலைத்திருந்தது. ஃபெராரி வெப்பரையே முதன்மை எதிராளியாகக் கருதியதால், அவர் அண்டர்கட் மூலம் முந்திவிடக்கூடாது என்று நான்கு சுற்று கழித்து அலோன்சோவையும் அழைத்தது. அலோன்சோ வெப்பருக்கு முன்னால்தான் வெளியே வந்தார். கேட்ட கேள்விக்கு விடை சரி. ஆனால் முதல் சுற்றில் நேர்ந்த விபத்தால், எல்லாக் கார்களையும் மெதுவாக ஓடவைக்கும் பாதுகாப்புக் கார் வந்தபோதே டயர் மாற்றிக்கொண்டுவிட்ட விட்டாலி பெத்ரோவின் ரெனோ அவருக்கு முன்னால் இருந்தது. அதற்கு இனி நிற்க வேண்டிய தேவையே இல்லை. மீதமிருந்த 40 சுற்றுகளும் அலோன்சோ அதன் பின்னாலேயே கழித்தார். இதற்கிடையே, வெளியிலேயே இருந்த வெட்டலின் டயரில் அந்தத் துணுக்குகள் தானே உதிர்ந்து பிடிப்பு திரும்பியது. அவர் 24ஆம் சுற்றுவரை அதே டயரில் ஓடினார். ஃபெராரி தன் டயரைப் பார்க்காமல் பக்கத்துக் காரைப் பார்த்தது.

இன்று எல்லா அணிகளும் மான்டி கார்லோ முறை எனப்படும் உருவகக் கணிப்பைப் பயன்படுத்துகின்றன. டயர் தேய்வு, மழை, விபத்து ஆகியவற்றின் வாய்ப்புகளைப் பகடை உருட்டுவதுபோல் மாற்றி மாற்றிக் கொடுத்து, பந்தயத்தைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓடவிட்டு, எந்த முடிவு பெரும்பாலும் பலன் தருகிறது என்று பார்ப்பார்கள். மொனாக்கோவின் சூதாட்ட விடுதியை வைத்து இட்ட பெயர் அது. 2022 மே மாதம் ஃபெராரி மிக மோசமாக இடறியதும் அதே ஊரில்தான். ஈரத்தடத்தில் முன்னிலை வகித்த உள்ளூர்க்காரர் சார்ல் லெக்லேரை 18ஆம் சுற்றில் அழைத்து, லேசான ஈரத்துக்கான இடைநிலை டயர் பூட்டினார்கள். தடம் விரைவாக உலர்ந்ததால் மூன்றே சுற்றுகளில், சக ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் உலர்தட டயருக்காக உள்ளே வந்த அதே சுற்றில், இவரையும் அழைத்தார்கள். வேண்டாம், வெளியிலேயே இரு என்ற திருத்தம் அவர் பிட் பாதைக்குள் திரும்பிய பிறகு வந்தது. சைன்ஸின் பின்னால் காத்திருந்து வெளியே வந்து நான்காவதாக முடித்தார். எத்தனை ஆயிரம் முறை உருவகித்தாலும், விடை வானொலியில் ஏறுவதற்குள் கார் பிட் வாசலைக் கடந்துவிட்டால் பயனில்லை.

அதே ஆண்டு ஜூலையில் சில்வர்ஸ்டோனில் நேர்ந்தது வேறு வகை. பாதுகாப்புக் கார் வந்தால் மற்ற கார்களும் மெதுவாக ஓடுவதால், பிட் நிறுத்தத்தின் இழப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும்; கிட்டத்தட்ட பாதி விலைக்குப் புதிய டயர். ஆனால் முதலில் முடிவெடுக்க வேண்டியவர் முன்னால் இருப்பவர். அவர் உள்ளே போனால் பின்னால் வருபவர் வெளியிலேயே இருக்கலாம், அவர் வெளியிலேயே இருந்தால் இவர் உள்ளே போகலாம். அந்த நெருக்கடியில் ஃபெராரி முன்னிலையில் இருந்த லெக்லேரைப் பழைய டயரில் விட்டுவிட்டு, சைன்ஸுக்கு மென் டயர் கொடுத்தது. சைன்ஸ் வென்றார், லெக்லேர் நான்காவது. இதைப் பிழை என்பதா, ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறித்தது என்பதா என்று இன்னும் வாதிடலாம்.

நான்கு வாரத்தில் ஹங்கேரியில் நடந்ததற்கு அப்படி வாதம் இல்லை. முன்னிலையில் இருந்த லெக்லேர், மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் உள்ளே போனதற்கு மறுசுற்றிலேயே, 39ஆம் சுற்றில் அழைக்கப்பட்டார். உலர்தடப் பந்தயத்தில் குறைந்தது இரு வகை டயராவது பயன்படுத்தியாக வேண்டும் என்பது விதி. மென் டயரில் தொடங்கிய வெர்ஸ்டாப்பனுக்கு நடுத்தர டயரை இரண்டு முறை போட இடமிருந்தது. லெக்லேரோ இரண்டு முறையும் நடுத்தர டயரையே தீர்த்திருந்தார். மீதமுள்ள 31 சுற்றுகளுக்கு மென் டயர் தாங்காது என்பதால் எஞ்சியது கடின டயர் மட்டுமே. குளிர்ந்த தடத்தில் அது சூடேறாமல் வழுக்குவதை ஆல்பீன் அணியின் கார்கள் ஏற்கெனவே எல்லோர் கண்முன்னும் காட்டிக்கொண்டிருந்தன. பத்தாவதாகத் தொடங்கிய வெர்ஸ்டாப்பன் வென்றார், லெக்லேர் ஆறாவது.

வியூகம் மட்டுமே ஃபெராரியை வீழ்த்தியது என்று சொல்வது நியாயமாகாது. அதே ஆண்டில் ஸ்பெயினிலும் பாகுவிலும் முன்னிலையில் இருந்தபோது லெக்லேரின் எஞ்சின் செயலிழந்தது. பிரான்சில் அவரே தடுப்பில் மோதினார். ஆனாலும் 12 பந்தயங்களில் முதலிடத்திலிருந்து தொடங்கியும் ஆண்டு முழுவதிலும் நான்கு பந்தயங்களை மட்டுமே வென்ற கணக்கு அணியை உலுக்கியது. அந்த ஆண்டின் இறுதியில் தலைமைப் பொறுப்பிலிருந்து மத்தியா பினோட்டோ விலக, ஃபிரெடெரிக் வாசர் வந்தார்.

2024 செப்டம்பரில் மோன்சாவில் புதிதாகத் தார் போட்ட தடத்தில் எல்லோருடைய டயர்களிலும் ரப்பர் துணுக்குகள் பெயர்ந்தன, அபுதாபியில் வெப்பருக்கு நேர்ந்ததுபோலவே. முன்னால் இருந்த மெக்லாரன் கார்கள் இரண்டாவது முறையும் டயர் மாற்ற உள்ளே போயின. ஃபெராரி லெக்லேரை அழைக்கவில்லை. பதினைந்தாம் சுற்றில் பூட்டிய கடின டயரிலேயே மீதி 38 சுற்றுகளையும் ஓட்டி, விரட்டி வந்த ஆஸ்கர் பியாஸ்ட்ரிக்கு மூன்று வினாடிக்கும் குறைவான இடைவெளியில் அவர் வென்றார்.