ரத்த மலைப்பாம்பைப் புதியவர் வளர்க்கலாமா?

பாம்பு வளர்ப்பவர்களிடம் ரத்த மலைப்பாம்பைப் பற்றிக் கேட்டால், "ஐயோ, அது முரட்டுப் பாம்பாச்சே" என்பார் ஒருவர். இத்தனை வருடத்தில் ஒரு கடிகூட வாங்கியதில்லை என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அவரவர் பாம்பு எங்கிருந்து வந்தது என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம்.

பைதான் ப்ரோங்கர்ஸ்மாய் என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்தப் பாம்பு தெற்குத் தாய்லாந்து, மலேசியத் தீபகற்பம், கிழக்குச் சுமத்ரா ஆகிய இடங்களின் சதுப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் வாழ்கிறது. செம்பனைத் தோட்டங்களில் எலி ஏராளம் என்பதால் அங்கேயும் நன்றாகவே பெருகியிருக்கிறது. சுமத்ராவின் மேற்கிலும் தெற்கிலும் இருக்கும் கறுப்பு உறவினரும் போர்னியோ உறவினரும் 2001 வரை இதோடு ஒரே இனமாகக் கருதப்பட்டார்கள். நீளம் பெரும்பாலும் 1.2 முதல் 1.8 மீட்டர்தான். ஆனால் உடம்பு பருத்தது. நன்றாக வளர்ந்த பெண் பாம்பு ஏழெட்டுக் கிலோவைத் தொடும். நீளத்தை மட்டும் படித்துவிட்டு வாங்குபவர்கள் இந்த எடையைப் பார்த்துத்தான் திகைக்கிறார்கள்.

கெட்ட பெயர் வந்த கதை எளிமையானது. முன்பு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன பாம்புகளில் பல, காட்டில் பிடிபட்ட வளர்ந்த பாம்புகள். வயிற்றில் புழு, உடலில் நீர் வற்றிய நிலை, பல நாள் பயணம். அந்த நிலையில் பெட்டியைத் திறக்கும் கையைக் கடிக்காமல் என்ன செய்யும்? வளர்ப்பிடத்தில் முட்டையிலிருந்து வந்த குட்டி வேறு மாதிரி. அதுவும் முதல் சில மாதங்கள் புஸ்ஸென்று சீறும், தலையை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலிருந்து வரும் எதுவும் அதற்குக் கழுகோ உடும்போதான். தினமும் தூக்கிக் கொஞ்சினால் பழகிவிடும் என்று நினைப்பது தவறு. இரண்டு கையாலும் உடல் எடை முழுவதையும் தாங்கி, சில நிமிடம் வைத்திருந்து திரும்ப விட்டுவிட வேண்டும். நடு உடம்பு தொங்கினால் எந்தச் சாதுவான பாம்பும் பதறும்.

கடிகளில் பயத்தால் வருவது ஒரு வகை, பசியால் வருவது இன்னொரு வகை. இரண்டாவதைப் புரிந்துகொள்ள அதன் உதட்டைப் பார்க்க வேண்டும். உதட்டுச் செதில்களில் சிறு குழிகள் இருக்கும். அவற்றின் நரம்பு முனைகள் அகச்சிவப்பு வெப்பத்தை உணர்கின்றன. இந்த வேலையைச் செய்வது டிஆர்பிஏ1 என்ற புரதம் என்று 2010-ல் கண்டுபிடித்தார்கள். நமக்கும் அதே புரதம் உண்டு, கடுகின் காரத்தை உணர்த்துவது அதுதான். ஆக, இருட்டுப் பெட்டிக்குள் கிடக்கும் பாம்புக்கு உங்கள் கை என்பது அசைந்து வருகிற சூடான ஒரு பொருள். அதில் எலி வாசனையும் இருந்தால் தீர்ந்தது. அனுபவசாலிகள் முதலில் பாம்புக் கொக்கியால் உடம்பை மெல்லத் தொட்டு, "இது சாப்பாடு இல்லை" என்று தெரிவித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். இது விஷப்பாம்பு அல்ல. ஆனால் பின்னோக்கி வளைந்த பற்கள் நிறைய. பிடித்தால் இழுக்காமல் இருக்கத் தெரிய வேண்டும்.

சரி, குணம் அவ்வளவுதான். என்னைக் கேட்டால் புதியவரை உண்மையில் சோதிப்பது வெப்பமும் ஈரப்பதமும்.

மலைப்பாம்பு என்றதும் நல்ல சூடு வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இது பெரும்பாலும் நிழலில், இலைச்சருகுக்கு அடியில், பாதி உடம்பு நீரில் கிடக்கிற பிராணி. பெட்டியின் சூடான பக்கம் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். தடித்த உடம்பு மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். 33, 34 டிகிரியில் ஒதுங்க இடமில்லாமல் விட்டால் தவித்துப் போகும். வெப்பப் பாயை, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகுவது இன்னும் மோசம், வயிற்றுத் தோல் வெந்துவிடும்.

ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம் வேண்டும். அதற்காகத் தரையை நனைத்துச் சேறாக்கிவிடுகிறார்கள். காற்று ஈரமாக இருக்க வேண்டும், தரை சொதசொதவென்று இருக்கக் கூடாது. நனைந்த தரையில் வயிற்றுச் செதில்கள் அழுகும். காற்று வறண்டாலோ சட்டை துண்டு துண்டாக உரியும், மூச்சுக்குழாயும் பாதிக்கப்படும். பாம்புக்கு உதரவிதானம், அதாவது நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத்தசை, கிடையாது. நம்மைப் போல இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. உள்ளே சேர்ந்த சளி அங்கேயே தங்கி நிமோனியாவாகிறது. மூச்சில் விசில் சத்தம், வாயோரம் நுரை, தலையைத் தூக்கி வாயைத் திறந்து மூச்சுவிடுவது, இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். சென்னை மாதிரி ஊரில் கணக்கு தலைகீழ். மே மாதத்தில் பெட்டியைச் சூடாக்க வேண்டியதில்லை, அறையைக் குளிர்விக்க வேண்டும். ஏசி போட்டால் காற்று வறண்டுபோகும். அப்புறம் மின்வெட்டு வேறு.

சாப்பாட்டில் பிரச்சினை வேறு திசையிலிருந்து வருகிறது. பலரும் முதலில் வாங்கும், பந்து போலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பான பால் பைதான் (ball python) மாதக்கணக்கில் பட்டினி கிடந்து வளர்ப்பவரைப் பயமுறுத்தும். ரத்த மலைப்பாம்பு பொதுவாகக் கொடுத்ததையெல்லாம் விழுங்கும். அதுதான் ஆபத்து. பதுங்கியிருந்து எப்போதாவது இரை பிடிக்கும் பாம்புகளின் குடல், பட்டினிக் காலத்தில் சுருங்கி ஓய்வெடுக்கும். பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்த ஸ்டீபன் சீக்கோரும் ஜாரெட் டயமண்டும், இரை விழுங்கிய ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை இரண்டு மடங்காவதைக் கண்டார்கள். இதயமே 48 மணி நேரத்தில் 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005-ல் வேறொரு குழு காட்டியது. இப்படிப்பட்ட உடம்புக்கு வாரம் தவறாமல் பெரிய எலி கொடுத்தால் கொழுப்புதான் சேரும். வளர்ந்த பாம்புக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு அளவான எலி போதும்.

வெளியேற்றுவதும் அதே நிதானத்தில்தான். ஒன்றிரண்டு மாதம் மலம் கழிக்காமல் இருப்பது இதற்குச் சகஜம். பாம்பு சுறுசுறுப்பாக, வயிறு வீக்கமில்லாமல் இருந்தால் மலச்சிக்கல் என்று பதற வேண்டாம். பதுங்கி வேட்டையாடும் தடித்த பாம்புகள் பலவற்றிடம் இந்தப் பழக்கம் உண்டு. ஆப்பிரிக்க விஷப்பாம்பான காபூன் விரியன் ஒன்று ஓராண்டுக்கும் மேல் அடக்கி வைத்திருந்ததாகப் பதிவு இருக்கிறது. பின்னுடலில் தங்கும் அந்த எடை, பாய்ந்து கவ்வும்போது உடம்பைத் தரையில் ஊன்றிப் பிடிக்க உதவலாம் என்பது புளோரிடா பல்கலைக்கழக உயிரியலாளர் ஹார்வி லில்லிவைட் சொல்லும் விளக்கம். எல்லாம் சேர்ந்து ஒருநாள் வெளியே வரும். அன்று பெட்டி முழுவதையும் கழுவ வேண்டியிருக்கும்.

என் கருத்தில் இது முதல் பாம்பு அல்ல, இரண்டாவது பாம்பு. வளர்க்க எளிதான சோளப்பாம்பு (corn snake) மாதிரி ஒன்றை ஓரிரு வருடம் நோயில்லாமல் வளர்த்தவர், தெர்மோஸ்டாட்டையும் ஈரப்பதமானியையும் நம்பக் கற்றவர், இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பிராணிக்கு 120-க்கு 60 சென்டிமீட்டர் தரை ஒதுக்க முடிந்தவர் தாராளமாக யோசிக்கலாம். வளர்ப்பிடத்தில் பிறந்து, சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட குட்டியாகப் பார்க்க வேண்டும். வீட்டில் வேறு மலைப்பாம்பு இருந்தால் சில மாதங்கள் தனி அறையில் வைத்து, நிடோவைரஸ் பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம். மூச்சுத் தொற்றை உண்டாக்கும் இந்த வைரஸ் பல நேரம் அறிகுறியே இல்லாமல் வந்து சேரும். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால் எண்ணத்தையே கைவிடலாம்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வளர்க்கவே அனுமதி இல்லை. மலேசியாவில் உரிமம் வேண்டும். இந்தியாவில் நம் மலைப்பாம்பை வளர்ப்பது குற்றம். அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ரத்த மலைப்பாம்பு வருகிறது. வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட வெளிநாட்டு உயிரினங்களையும் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான விதிகள் 2024-ல் வந்தன, பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். சென்னை விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளிலிருந்து வெளிநாட்டு மலைப்பாம்புகள் பிடிபட்ட செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அப்படி வந்த பாம்புதான் முன்னே சொன்ன முரட்டுப் பாம்பு. விற்பவர் "பேப்பர் அப்புறம் தருகிறேன்" என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.