‘கேட்ச்’ ஏன் ‘காட்’ ஆகிறது?

குடியாத்தத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னால், ஆண்டு தவறாமல் யாராவது ஒரு பிள்ளையின் நோட்டில் இந்த வாக்கியம் இருக்கும்: “வீ கேட்ச்டு தி திருப்பதி டிரெயின் அட் காட்பாடி.” ‘காட்’ என்று வர வேண்டிய இடம். சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ‘கேட்ச்டு’ என்ற சொல் பாடப்புத்தகத்தில் இல்லை, நானும் சொல்லித் தந்ததில்லை. பிள்ளையே அதை உருவாக்கியிருக்கிறது. இறந்தகாலத்துக்கு ‘எட்’ சேர்க்க வேண்டும் என்ற விதி அதன் மனத்தில் இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இந்தப் படியைத் தாண்டித்தான் வருகிறார்கள். முதலில் கேட்டபடியே ‘பிராட்’ என்று சரியாகச் சொல்வார்கள். பிறகு விதி பிடிபட்டதும் ‘பிரிங்டு’ என்பார்கள். நாளடைவில் மீண்டும் ‘பிராட்’டுக்குத் திரும்புவார்கள். 1958-ல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ‘ரிக்’ போன்ற இல்லாத வினைகளைப் புனைந்து, “இவன் நேற்று என்ன செய்தான்?” என்று சிறு குழந்தைகளிடம் கேட்டார். அதுவரை கேட்டே இராத சொல்லுக்கும் அவர்கள் ‘எட்’ சேர்த்துச் சொன்னார்கள்.

அப்படியானால் விதிக்கு அடங்காத வினைகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை வேறொரு பழைய விதியின் மிச்சங்கள். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் மூதாதையான மொழியில், சொல்லின் நடுவிலுள்ள உயிரொலியை மாற்றியே பொருளை மாற்றும் வழக்கம் இருந்தது. ‘சிங், சாங், சங்’, ‘டிரிங்க், டிராங்க், டிரங்க்’ ஆகியவை அந்த வழி வந்தவை. ‘எட்’ பின்னால் வந்தது. ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய கிளையில் மட்டுமே தோன்றிய புது ஏற்பாடு அது.

‘காட்’ கதை வேறு. ‘பிரிங்’, ‘திங்க்’, ‘டீச்’, ‘பை’ வினைகளின் இறந்தகாலமான ‘பிராட்’, ‘தாட்’, ‘டாட்’, ‘பாட்’ ஆகியவற்றின் கடைசியில் நிற்கும் ‘ட்’ அந்த ‘எட்’டின் உறவுதான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் தொண்டையிலிருந்து வரும் ‘ஹ்’ போன்ற ஓர் ஒலி இருந்தது. ஒலி மறைந்துவிட்டது, எழுத்துக்கூட்டலில் மட்டும் ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகளாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி, ‘கேட்ச்’ இந்தக் குடும்பத்தில் பிறந்ததே அல்ல என்பது. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில் அவர்கள் மொழியிலிருந்து வந்த சொல் அது. அதே பொருளில் அங்கே முன்பே புழங்கிய ஒரு வினையைப் பார்த்து, தானும் அதைப் போலவே மாறிக்கொண்டது.

இவற்றில் எது நிலைக்கும், எது மறையும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரெஸ் லீபர்மன் உள்ளிட்டோர் 2007-ல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத 177 வினைகளை எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 145 அப்படியே இருந்தன. இன்று எஞ்சியிருப்பவை 98. மற்றவை ‘எட்’டிடம் சரணடைந்துவிட்டன. ‘ஹெல்ப்’ என்பதற்கு ஒரு காலத்தில் ‘ஹோல்ப்’ என்று இறந்தகாலம் இருந்தது, இன்று ‘ஹெல்ப்டு’தான். ஒரு வினை மற்றொன்றைவிட 100 மடங்கு குறைவாகப் புழங்கினால், அது 10 மடங்கு வேகமாக விதிக்குள் வந்துவிடுகிறது. ஆள் நடக்காத ஒற்றையடிப் பாதையைப் புல் மூடுவதுபோல, காதில் விழாத வடிவம் நினைவிலிருந்து நழுவுகிறது. அந்த இடத்தை விதி நிரப்புகிறது. ‘பி’, ‘ஹேவ்’, ‘டூ’, ‘கோ’, ‘சே’ என்று மிக அதிகமாகப் புழங்கும் வினைகள் எல்லாமே விதிக்கு அடங்காதவையாக இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

இதைப் படித்த பிறகு, வகுப்பறைச் சுவரில் அகரவரிசையில் தொங்கும் மூன்று பத்தி வினை அட்டவணையின்மேல் எனக்குக் கோபமே வந்தது. ‘பிரிங்’குக்குப் பக்கத்தில் ‘பில்டு’, ‘தாட்’டுக்குப் பக்கத்தில் ‘த்ரோ’ என்று உறவுகளைப் பிரித்து வைத்திருக்கிறது அது. ஒலிக் குடும்பமாகச் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகள் பாட்டுப்போலப் பிடித்துக்கொள்கிறார்கள். “மிஸ், தமிழில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே” என்றாள் ஒரு மாணவி. நில், செல், வெல், சொல் நான்குக்கும் இறந்தகாலம் சொல்லச் சொன்னேன். நின்றான், சென்றான், வென்றான் என்று வந்தவள், ‘சொன்னான்’ என்றதும் நிறுத்திச் சிரித்தாள். ‘பாடினான்’ இருக்க ‘போட்டான்’ ஏன் என்ற கேள்வியை அடுத்த பெஞ்சு கண்டுபிடித்தது.

“ஐ டிட் நாட் வென்ட்” என்று எழுதுகிறவர்களுக்கும் தமிழே வழி காட்டுகிறது. ‘நேற்று நான் போகவில்லை’ என்கிறோம், ‘போனவில்லை’ என்பதில்லை. ‘இல்லை’ வந்து சேர்ந்ததும் ‘போ’ தன் காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘டிட்’ காலத்தை ஏற்றுக்கொண்டுவிடுவதால், பின்னால் வரும் வினைக்கு அந்தச் சுமை வேண்டாம். அங்கே ‘கோ’ போதும்.