ஹைப்பர்ஃபோக்கல் தூரம்: ஃபோகஸை எங்கே நிறுத்துவது?

காலடியில் கிடக்கும் கல்லும் அடிவானத்து மலையும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். மலையில் ஃபோகஸ் செய்தால் கல் மங்குகிறது. கல்லில் செய்தால் மலை மங்குகிறது. மலையைத் தெளிவின் எல்லைக்குள் வைத்துக்கொண்டே ஃபோகஸை எவ்வளவு அருகில் கொண்டுவரலாமோ, அந்தத் தூரமே ஹைப்பர்ஃபோக்கல் தூரம். அங்கே ஃபோகஸ் செய்தால், அதில் பாதித் தூரத்திலிருந்து முடிவிலி வரை யாவும் தெளிவாக அமையும்.

உண்மையில் லென்ஸ் ஒரே ஒரு தூரத்தைத்தான் துல்லியமாகக் குவிக்கிறது. மற்றத் தூரங்களிலுள்ள புள்ளிகள் சென்சாரில் சிறு வட்டங்களாக விழுகின்றன. அவை போதிய அளவு சிறியனவாக இருக்கும்வரை கண் அவற்றைப் புள்ளிகளாகவே ஏற்றுக்கொள்கிறது. ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார்) இந்த வட்டத்தின் விட்டத்துக்கான வரம்பு வழக்கமாக 0.03 மி.மீ. லென்ஸின் குவியத் தூரத்தை (24 மி.மீ., 50 மி.மீ. என்று லென்ஸைக் குறிக்கும் அளவு) வர்க்கப்படுத்தி, எஃப் எண்ணையும் (லென்ஸ் துளையின் அளவைக் குறிப்பது; எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்) இந்த வரம்பையும் பெருக்கிவரும் தொகையால் வகுத்து, குவியத் தூரத்தைக் கூட்டினால் விடை கிடைத்துவிடும். 24 மி.மீ. லென்ஸுக்கு எஃப்/11-இல் அது சுமார் 1.77 மீட்டர், ஆகவே ஏறத்தாழ 0.9 மீட்டரிலிருந்தே தெளிவு தொடங்கும். 50 மி.மீ. லென்ஸில் அதே துளைக்கு 7.6 மீட்டர் ஆகிவிடுவதால், இம்முறை அகலக்கோண லென்ஸ்களுக்கே பெரிதும் பயன்படுகிறது.

தெளிவை இன்னும் அருகிலிருந்தே தொடங்க, துளையை எஃப்/22 வரை சுருக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அவ்வளவு சிறிய துளையில் ஒளியின் விளிம்பு விளைவே (துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) ஏறத்தாழ 0.03 மி.மீ. வட்டத்தை உண்டாக்கிவிடுவதால், சரியாக ஃபோகஸ் ஆன இடமும் கூர்மை இழக்கிறது.

பலர் கவனிக்கத் தவறுவது வேறொன்று. ஹைப்பர்ஃபோக்கல் தூரத்தில் ஃபோகஸ் செய்யும்போது மலை மிகக் கூர்மையாக அமைவதில்லை. அனுமதிக்கப்பட்ட மங்கலின் கடைசி வரம்பில், அதாவது அந்த 0.03 மி.மீ. வட்டத்தில்தான் நிற்கிறது. சிறிய அச்சில் இது தெரியாது. பெரிதாக அச்சிட்டு அருகில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அதே 24 மி.மீ. லென்ஸை 1.77 மீட்டருக்குப் பதிலாக 3.5 மீட்டரில் ஃபோகஸ் செய்து பாருங்கள்: தெளிவின் அருகெல்லை 0.9-லிருந்து சுமார் 1.2 மீட்டருக்கு நகர்கிறது, மலையின் மங்கலோ பாதியாகக் குறைகிறது. முன்னால் 30 செ.மீ.யை விட்டுக்கொடுத்துப் பெறும் இந்த ஆதாயம், தொலைவிலுள்ள காட்சியே உயிராக உள்ள படங்களில் மிகப் பெரியது என்பேன்.

இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் தூர அளவுகோல் இல்லை. அப்போது, தெளிவாக வேண்டிய மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தைக் கணித்து, அதன் இருமடங்கில் ஃபோகஸ் செய்தால் போதும், கல் 1.2 மீட்டரில் இருந்தால் 2.4 மீட்டர். அந்த நிலையில் 24 மி.மீ. லென்ஸுக்கு எஃப்/8 போதுமானது. படம் எடுத்ததும் திரையில் மலை விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்து, மங்கலாக இருந்தால் ஃபோகஸைச் சற்றுத் தள்ளி மறுபடி எடுக்கலாம்.