அந்தப் பத்து நாள் எதற்கு?

"கடிச்ச நாயைப் பத்து நாள் பாருங்க. சாகலேன்னா பயமில்லை" என்று ஊரில் சொல்வதில் பாதி சரி. மறுபாதி உயிரைப் பறிக்கும். பத்து நாள் என்பது நாயைக் கவனிப்பதற்கான கெடு. கடிபட்டவர் ஊசி போடாமல் காத்திருப்பதற்கான கெடு அல்ல. ஊசி அன்றைக்கே தொடங்க வேண்டும். இந்த வேறுபாடு புரிய, வெறிநாய்க்கடி நோயான ரேபிஸின் வைரஸ் உடம்புக்குள் போகும் வழி தெரிந்தால் போதும்.

ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் ஓடிப் பரவுவதில்லை. கடிவாயில் எச்சிலோடு இறங்கி, தசையில் கொஞ்ச காலம் தங்கி, நரம்பு நுனியைப் பற்றிக்கொள்ளும். பிறகு நரம்பிழைக்குள்ளேயே தண்டுவடத்தை நோக்கி ஏறும். வேகம் நாளொன்றுக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை. அதனால்தான் காலில் கடித்தால் நோய் வர மாதக்கணக்கு ஆகலாம். முகத்திலும் கழுத்திலும் கடித்தால் சீக்கிரம் வருகிறது. நாயின் உயரத்துக்கு முகம் இருக்கிற குழந்தைகளுக்கு ஆபத்து கூடுவதும் இதனால்தான்.

மூளையை எட்டிய பிறகு வைரஸ் பெருகி, நரம்புகள் வழியாகவே திரும்பக் கீழிறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்கிறது. ஆக, ஒரு நாயின் எச்சிலில் வைரஸ் இருந்தால், அதன் மூளை ஏற்கெனவே பாதிக்கப்பட்டாயிற்று என்று பொருள். நோய்க்குறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் வைரஸ் வந்துவிடும். குறி தெரிந்தபின் நாய் சில நாளே உயிரோடு இருக்கும். இரண்டையும் கூட்டினால் பத்து நாளுக்குள் அடங்கும். பத்தாம் நாளும் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை. அவ்வளவுதான் அந்தக் கணக்கு சொல்லும். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. குரங்கு, கீரி, நரி, மாடு கடித்தால் இதை நம்பக் கூடாது.

இனி கடிபட்டவர் பக்கம். முதல் மருந்து சோப்பு. வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிவாயின் ஆழம் வரை நீர் போக வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை வலித்து நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எல்லாம் புண்ணை எரித்து, வைரஸ் நரம்பைத் தொட வழிசெய்யும். கட்டுப் போடுவதும் தையல் போடுவதும் கூடாது. தையல் தவிர்க்க முடியாத காயமென்றால், முதலில் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருள் மருந்தைச் செலுத்திவிட்டுத்தான் போட வேண்டும்.

ரத்தம் வராத கீறலுக்குத் தடுப்பூசி மட்டும் போதும். ரத்தம் வந்தாலோ, திறந்த புண்ணையோ வாயையோ கண்ணையோ நாய் நக்கினாலோ, தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். தடுப்பூசியால் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் கடிவாயிலேயே வைரஸை மடக்கி நிறுத்துவது இம்யூனோகுளோபுலின்தான். மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையிலிருந்து எடுத்தது என்றால் 40. ஐம்பது கிலோ ஆளுக்கு 1,000 அல்லது 2,000. புண்ணுக்குள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டிய மருந்து இது. புண்ணை விட்டுவிட்டு இடுப்பில் மட்டும் போட்டால் பயன் மிகக் குறைவு. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் கடந்துவிட்டால் இதைப் போடுவதில்லை.

தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை நினைத்து இன்றும் ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள் உண்டு. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த மருந்தை இந்தியா நிறுத்தி இருபது ஆண்டு ஆகிறது. இப்போது அரசு மருத்துவமனையில் இரண்டு மேற்கையிலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். முதல் ஊசி போடும் நாள்தான் 0. நாய் பிழைத்துவிட்டது என்று 28ஆம் நாள் ஊசியை விடக் கூடாது. தோலுக்குள் போடும் முறையில் நாயின் நிலை எப்படியிருந்தாலும் முழுச் சுற்றையும் முடிக்கச் சொல்கிறது தேசிய வழிகாட்டி.

அப்படியானால் நாயை ஏன் கவனிக்க வேண்டும்? அது நோயில் விழுந்தால், அதனால் கடிபட்டோ நக்கப்பட்டோ அலட்சியமாக இருக்கும் மற்றவர்களையும் ஊசிக்கு அழைத்து வர முடியும். கட்டிவைத்து, தினம் இரண்டு முறை சாப்பாடு வைக்கும்போது பாருங்கள். ஆளைப் பார்த்துப் பாயும் வெறியை யாரும் தவறவிட மாட்டார்கள். தவறுவது ஊமை வெறி. நாய் கட்டிலடியில் இருட்டில் போய்ப் படுக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரைப்பு கரகரத்து மாறும், பின்னங்கால் தள்ளாடும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிடும் வளர்ப்பவர், தனக்கே நோயை வாங்கிக்கொள்கிறார். தண்ணீர் காட்டிச் சோதிப்பதும் வீண். நீருக்கு அஞ்சுவது மனிதருக்கு வரும் குறி. வெறிபிடித்த நாய் குடிக்கப் போகும், விழுங்கத்தான் முடியாது.

தெருநாய் என்றால் உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும். சென்னையில் மாநகராட்சியின் 1913. வெறி இருக்குமோ என்று சந்தேகிக்கப்படும் நாயை உள்ளாட்சி நியமித்த கால்நடை மருத்துவரும் விலங்கு நல அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் சேர்ந்து பரிசோதிக்க வேண்டும் என்கின்றன 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள். நோய்க்கு வாய்ப்பு அதிகம் என்றால், இயற்கையாகச் சாகும்வரை தனிக்கூண்டில் வைக்க வேண்டும். இது வெறும் இரக்கம் சார்ந்த விதி என்று பலரும் நினைக்கிறார்கள். அடித்துக் கொன்று புதைத்துவிட்டால் நோய் இருந்ததா என்பதே தெரியாமல் போகும். அந்தத் தெருவில் யார் யார் ஊசி போட வேண்டும் என்பதும் தெரியாது. செத்த நாயின் மூளையை ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனைக்கு அனுப்பலாம். பெங்களூரு ஹெப்பால் கால்நடைக் கல்லூரியின் ஆய்வகம் இதில் பெயர்பெற்றது. சோதனைக்கு மூளைத்தண்டும் சிறுமூளையும் சிதையாமல் வேண்டும். தடியால் மண்டையில் அடித்தால் அந்தச் சான்று கூழாகிவிடும். தலையைப் பயிற்சி பெற்றவர்தான் எடுக்க வேண்டும். ஐஸ் வைத்து அனுப்ப வேண்டும், ஃபார்மலினில் போடக் கூடாது.

வெறிநாயால் கடிபட்ட வீட்டு நாயின் கணக்கு முற்றிலும் வேறு. இங்கே வைரஸ் இனிமேல்தான் நரம்பேறப் போகிறது. பத்து நாள் எதற்கும் போதாது. பிரிட்டன் வெளிநாட்டு நாய்களை ஆறு மாதம் அடைத்துவைத்த பழைய சட்டத்தின் காரணம் இதுவே. அமெரிக்க வழிகாட்டியில், தடுப்பூசியே போடாத நாய்க்கு நான்கு மாதக் கடும் தனிமை. ஒழுங்காகப் போட்டிருந்த நாய்க்கு உடனே மறு ஊசியும் 45 நாள் கண்காணிப்பும்.

ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. நாய் கடித்ததும் பதறி, அந்த நாய்க்கே தடுப்பூசி போட்டுவிடுவார்கள். ஏற்கெனவே நோய் ஏறியிருந்தால் அது தடுக்காது. ஊசிக்குப் பின் வரும் சோர்வும் காய்ச்சலும் நோய்க்குறியோடு குழம்பிப்போகும். கடித்த நாய்க்குப் பதினோராம் நாள் ஊசி போடுங்கள்.